பேரும் தொகையும்

தோட்டத்துத் தமிழில் 'பேர்' என்னும் சொல்லுக்கு அகராதிகளில் எளிதிற் காணக்கிடையாத ஒரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலையை முழுமையாகச் செய்து முடித்தவருக்கு ஒரு 'பேர்' விழும். கொழுந்தின் நிறை குறைந்துவிட்டால் 'அரைப்பேர்'தான். மாத முடிவிலே செக்றோலில் கணக்கப்பிள்ளை கூட்டுவது இந்தப் பேர்களையே. பெற்றோர் ஆசையோடு இட்ட பெயர் ஏட்டிலே எண்ணாகி, எண் சம்பளமாகி, சம்பளம் அரிசியும் மாவுமாகி லயத்து அடுப்புக்கு வருகிறது. சமுதாயத்தை எண்ணுதல் என்பதன் இயல்பை இச்சொல்வழக்கைப் போலத் தெளிவாக விளக்குவது பிறிதொன்றில்லை. மனிதர் தொகையாவதற்கு முன்னே, அவரைப் பெயரிட்டு எழுதும் ஒருவர் இருக்கிறார். எழுதியவர் 'அரை' என்று எழுதிவிட்டால், கூட்டுபவர் எத்துணை வல்லவராயினும் அது முழுமையாகாது.

இவ்வுண்மையை இன்று நினைவூட்டுதற்குக் காரணம் உண்டு. கணினியின் துணைகொண்டு சமுதாயத்தை ஆராயும் புதிய கலை ஒன்று உலகப் பல்கலைக்கழகங்களிலே வளர்ந்து வருகிறது. 'கணிப்புவழிச் சமுதாய ஆய்வு' என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். 2009ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' என்னும் அறிவியல் ஏட்டிலே டேவிட் லேசர் முதலாய பதினைவர் எழுதிய கட்டுரை இத்துறைக்கு ஒரு கொள்கை அறிக்கை போல் அமைந்தது. 2017 முதல் மத்தியூ சல்கானிக், கிறிஸ் பெயில் என்னும் பேராசிரியர் இருவர் இதற்கெனக் கோடைகாலப் பயிலரங்குகளை நடத்தலாயினர். அவற்றின் விரிவுரைகளும் பயிற்சிகளும் இணையத்திலே யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. 'ஆர்', 'பைதன்' என்னும் கணினி மொழிகளும் அவ்வாறே. கேகாலை மாவட்டத்து யட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ, இரத்தினபுரி மாவட்டத்து இறக்குவானையிலோ பலாங்கொடையிலோ இருக்கும் மாணாக்கன் ஒருவன், ஆங்கிலமும் ஓரளவு கணிதமும் பொறுமையும் உடையனாயின், அவற்றைக் கற்கத் தடையில்லை.

தமிழ் கற்பிப்போர்க்கு இதில் என்ன வேலை என்று சில நண்பர்கள் வினவுகின்றனர். அவர்களுக்கு விடையாகத் தமிழ்நாட்டு வரலாற்றாய்விலே நிகழ்ந்த பெருஞ்செயல் ஒன்றைக் காட்டுவேன்.

யப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா, தமிழறிஞர் எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவர் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் திரட்டி, கணினியின் துணையால் அடைவு செய்து, 1978ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். கல்வெட்டுப் பெயர் ஒரு சிறு வாக்கியம் போன்றது. ஊர்ப்பெயர் முன்னே வரும், அதனோடு 'உடையான்', 'கிழான்', 'கிழவன்' முதலிய உரிமைச் சொற்கள் ஒட்டும், இயற்பெயர் தொடரும், 'மூவேந்தவேளான்', 'பிரமராயன்' போன்ற பட்டங்கள் முடிவில் நிற்கும். இவ்வுறுப்புகளைத் தனித்தனியே பிரித்து, சோழர் காலத்தை நான்கு கூறுகளாக வகுத்து, எந்த உறுப்பு எந்தக் காலத்தில் எந்த நாட்டில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினர். எண்ணியபோது பட்டங்களுக்கும் அரச அலுவலுக்கும் உள்ள தொடர்பும், நிலத்தைத் தனியே உடையார் வகுப்பு பெருகிய வகையும் கண்ணுக்குப் புலனாயின. அரசரின் மெய்க்கீர்த்தி சொல்லாத செய்தியை, தானம் எழுதிய இடத்திலே சாட்சியாக நின்ற சிற்றூராரின் பெயர்கள் சொல்லின.

இதிலே கணினி செய்தது பாதி. 'உடையான்' என்பது உரிமை குறித்த சொல் என்றும், 'வேளான்' என்பது இன்ன குடிக்குரியது என்றும் அறிந்து பிரித்துக் கொடுத்தது தமிழறிவு. அப்பிரிப்புப் பிழைத்திருந்தால், பொறி பிழையையே விரைவாகப் பெருக்கித் தந்திருக்கும். பண்டைச் சோணாட்டுக்குப் பயன்பட்ட இந்நெறி நம் காலத்துப் பெயர்களுக்கும் பயன்படும். அதனை நாம் வாழும் மலைச்சாரல்களுக்குக் கொண்டு வந்து பார்ப்போம்.

தோட்டத்து மனிதர் ஒருவரின் பெயர் அவர் வாழ்நாளில் எத்தனை கைகளால் எழுதப்படுகிறது! பிறப்புப் பதிவிலே சிங்களத்தில் ஒரு வகை. தோட்டத்து ஏட்டிலே ஆங்கிலத்தில் ஒரு வகை. பாடசாலை இடாப்பிலே தமிழில் ஒரு வகை. ஒருவர்தாமா, இருவரா என்று ஆவணங்களை இணைத்துப் பார்ப்பது சமுதாய ஆய்வின் முதற்படி. இதற்குக் கணினியாளர் கையாளும் அளவுகோல் ஒன்று உண்டு. விளாடிமிர் லெவன்ஷ்டைன் என்னும் உருசிய அறிஞர் 1965இல் வகுத்தது அது. ஒரு சொல்லை மற்றொரு சொல்லாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும், மாற்ற வேண்டும் என்று எண்ணினால் அத்தொகையே இரு சொல்லுக்கும் இடைப்பட்ட தூரம். நம் முன்னோர் திரிதல், தோன்றல், கெடுதல் என்று புணர்ச்சியில் வகுத்த மூன்று விகாரங்களை இது நினைவூட்டுகிறதன்றோ?

இவ்வளவுகோலைத் தமிழ்ப் பெயர்களில் வைத்துப் பாருங்கள். 'இராமசாமி', 'ராமசாமி' என்னும் இரண்டிற்கும் இடையே ஓரெழுத்துத் தூரம். 'செல்வம்', 'செல்வன்' என்னும் இரண்டிற்கும் இடையேயும் ஓரெழுத்துத் தூரமே. பொறிக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முன்னவை பெரும்பாலும் ஒருவரையே குறிக்கும் என்றும், பின்னவை இரு வேறு மனிதராதல் கூடும் என்றும் நாம் அறிவோம். ரகரத்தில் தொடங்கும் வடசொற்கள் அரங்கம், இராமன், உரோமம் என உயிர் ஒன்றை முன்னே ஏற்கும் என்ற நன்னூல் விதி நமக்கு அதனைச் சொல்கிறது. அவ்விதியைக் கணினிக்குச் சொல்லிக் கொடுப்பவர் யார்? கணினி மட்டும் கற்றவர் அறியார். நன்னூல் மட்டும் கற்றவர் சொல்லிக்கொடுக்க மாட்டார்.

இன்னும் ஒன்று. 'செல்வம்' என்பதில் எத்தனை எழுத்து என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் நான்கு என்பாள். கணினியைக் கேட்டால் ஏழு என்னும். உயிர்மெய்யின் கொம்பையும் மெய்யின் புள்ளியையும் அது தனித்தனிக் குறியாகச் சேமித்து வைத்திருப்பதே காரணம். இதனை அறியாமல் அளந்தால் சில சொற்களுக்கு இடைப்பட்ட தூரம் பிறழக்கூடும். எழுத்திலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது வேடிக்கையான வகுப்புப் பயிற்சியாகும். ஆய்வாளர்க்கோ தவிர்க்கலாகாத எச்சரிக்கையாகும்.

பெயரின் எழுத்திலே இத்துணைச் சிக்கல் என்றால், இனத்தின் பெயரிலே உள்ள சிக்கல் பெரிது. இலங்கையில் தற்கால முறைப்படியான முதலாவது குடிசன மதிப்பு 1871இல் நடைபெற்றது. 1911ஆம் ஆண்டின் மதிப்பிலிருந்து 'இந்தியத் தமிழர்' என்னும் தனி வகுப்புக் காட்டப்பட்டு வருகிறது. 1971இல் அவ்வகுப்பினர் ஏறக்குறைய 11 இலட்சத்து 75 ஆயிரவர். நாட்டு மக்களில் 9.3 வீதம். 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரவர், 5.5 வீதம். 2012இல் 8 இலட்சத்து 39 ஆயிரவர், 4.1 வீதம். 2024இல் எடுத்த மதிப்பிலே 'மலையகத் தமிழர்' என்னும் பெயரும் அவ்வகுப்போடு சேர்க்கப்பட்டது. தொகையோ 6 இலட்சம் அளவிற்கு இறங்கி, 2.8 வீதமாயிற்று.

இவ்வெண்களை மட்டும் ஒரு பொறிக்குள் இட்டால், அது கீழ்நோக்கிச் சரியும் ஒரு கோட்டை வரைந்து தரும். கோட்டை நீட்டினால், சில பத்தாண்டுகளில் இம்மக்கள் இல்லாதொழிவர் என்றும் ஒருவர் கூறிவிடலாம். ஆனால் அக்கோட்டினுள்ளே மூன்று வேறு கதைகள் மறைந்து கிடக்கின்றன.

முதலாவது, மெய்யாகவே பிரிந்து போனவர் கதை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை எடுத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பின்னர்த் தீர்மானிக்கப்படும் என்று பங்கிட்டது. 1974இல் அவ்வெச்சத்தையும் இரு நாடுகளும் 75 ஆயிரம் வீதம் பகிர்ந்துகொண்டன. மனிதரை வகுத்தற் கணக்குப் போலப் பங்கிட்ட ஆவணம் அது. இலட்சக்கணக்கானோர் தலைமன்னார் வழியாகக் கடல் கடந்தனர். தமக்கையை இங்கும் தம்பியை அங்கும் வைத்த குடும்பங்கள் சபரகமுவவில் இன்றும் பல.

இரண்டாவது, இடம்பெயர்ந்தவர் கதை. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர்த் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் வன்னிக்கும் குடிபெயர்ந்தவர் பலர். 1981 ஆவணியில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் மீண்டும் தாக்கப்பட்டன. வடக்கே சென்றவர்களின் மக்கள், அங்குள்ளாரோடு கலந்து, குடிசன மதிப்பிலே 'இலங்கைத் தமிழர்' ஆயினர்.

மூன்றாவது, இருந்த இடத்திலேயே இருந்து பெயர் மாறியவர் கதை. பிரசாவுரிமை பெற்ற பின்னும் தம்மை 'இந்தியர்' என்று எழுதிக்கொள்வானேன் என்று எண்ணியவர் பலர், அவ்வெண்ணம் இயல்பானதே. ஒரே லயத்திலே முதல் வீட்டார் ஒரு வகுப்பிலும், சுவருக்கு அப்பாலுள்ள அவர் உடன்பிறந்தார் மற்றொரு வகுப்பிலும் பதிந்திருத்தலை இப்பகுதியிற் காணலாம். இவர்கள் எங்கும் செல்லவில்லை, எவரும் குறையவில்லை, எழுதுகோல் வேறு கட்டத்தில் பதிந்தது, அவ்வளவே.

போனவரும், பெயர்ந்தவரும், பெயர் மாறியவரும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிட்டனர். இம்மூன்றையும் பிரிக்காமல் அவ்வெண்ணைக் கொண்டு ஆசிரியர் நியமனம், பிரதேச எல்லை, வீட்டுத்திட்டம், அரசியற் பிரதிநிதித்துவம் முதலியன தீர்மானிக்கப்பட்டால், இல்லாதவராகக் கணக்கிடப்பட்டோர் இல்லாதவராகவே நடத்தப்படுவர். நுவரெலியா போன்ற மாவட்டத்திலே தொகைப் பெருமை ஓரளவு காப்பாகும். சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு சிறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் சபரகமுவத் தோட்டங்களுக்கு அக்காப்பும் இல்லை.

வகுப்பின் பெயரைப் போலவே இடத்தின் பெயரும் ஆட்களை மறைக்கும். நம் நாட்டுப் புள்ளிவிபரங்கள் நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாக வகுக்கப்படுகின்றன. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அங்கேயே வசிக்கும் பத்துக்குக் குறையாத தொழிலாளரும் உடையதே 'தோட்டம்' என்பது அவ்வகுப்பின் இலக்கணம். 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தம் தனியார் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு 50 ஏக்கரை எல்லையாக விதித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இடையிலே துண்டாடப்பட்ட இறப்பர்த் தோட்டங்கள் பல. ஒரு தோட்டம் சிதைந்து அந்த இலக்கணத்திற்குக் கீழே இறங்கினால், அதே லயத்தில் அதே கூரையின் கீழ் வாழ்வோர் மறுநாள் 'கிராமத்தார்' ஆகிவிடுகின்றனர். கூரையின் ஒழுக்கு மட்டும் மாறுவதில்லை.

சராசரி என்பது இவ்வாறு மறைந்தவரை முற்றாகப் புதைத்துவிடும். மாணாக்கர் விளங்கிக்கொள்ளக் கற்பனைக் கணக்கொன்று தருகிறேன். ஒரு பிரிவிலே 900 கிராம வீடுகளும் 100 தோட்ட வீடுகளும் உள்ளன என்க. கிராம வீடுகளில் 810இற்கு நல்ல குடிநீர் உண்டு. தோட்ட வீடுகளில் 20இற்கே உண்டு. மொத்தம் 1000 வீட்டில் 830. அதாவது 83 வீதம். அறிக்கையைப் படிக்கும் அதிகாரி மனநிறைவோடு அடுத்த பக்கம் புரட்டுவார். நூற்றில் எண்பது வீடு குடிநீரின்றி இருக்கும் செய்தி அந்த 83இன் வயிற்றுக்குள் அடங்கிக் கிடக்கும். எண்ணைப் பிரித்துப் பார்க்கக் கற்றவனே அதை வெளியே எடுப்பான். தொகைச்சொல்லை விரித்துப் பொருள் காணும் பயிற்சிக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

புதிய கருவிகளும் இக்குறைக்கு விலக்கல்ல. கொழும்பிலுள்ள லேர்ன்ஏசியா என்னும் ஆய்வு நிறுவனம், பெயர் நீக்கப்பட்ட கைத்தொலைபேசிப் பதிவுகளைக் கொண்டு மக்கள் நாளாந்தம் எங்கிருந்து எங்கே செல்கின்றனர் என்பதை ஆராய்ந்து, நகர்ப் போக்குவரத்திற்குப் பயன்படும் செய்திகளைத் தந்திருக்கிறது. போற்றத்தக்க முயற்சி அது. அதே முறையை ஒரு தோட்டத்துக்குக் கொண்டுவந்தால், வீட்டுக்கு ஒரு தொலைபேசி என்ற நிலையில், அதைக் கையில் வைத்திருப்பவரின் பயணமே குடும்பத்தின் பயணமாகத் தோன்றும். விடியலில் மலையேறிக் கொழுந்து பறிக்கும் தாயின் நடை எந்தக் கோபுரத்திலும் பதியாது.

மற்றொரு நெறி, சமுதாயத்தைச் சிறு உருவிலே அமைத்து ஆடிப் பார்ப்பது. 2005இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற தொமஸ் ஷெல்லிங் 1971இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற சான்று. சதுரங்கப் பலகையில் இரு வகை நாணயங்களைக் கலந்து பரப்புக. தன் அண்டையிலுள்ளவற்றில் மூன்றில் ஒரு பங்கேனும் தன்னினமாக இல்லாவிட்டால் அந்நாணயம் வேறு வெற்றிடத்துக்கு நகர்க. சிறிது நேரத்தில் பலகை இரு வேறு சேரிகளாகப் பிரிந்துவிடும். எவரும் முழுப்பிரிவை விரும்பவில்லை. ஆயினும் பிரிவு விளைந்தது. கணினி இல்லாத வகுப்பறையிலும் இதனை ஆடிக் காட்டலாம்.

ஆனால் ஆட்டம் முடிந்ததும் ஆசிரியர் ஒரு வினா எழுப்ப வேண்டும். நம் லயமும் கிராமமும் பிரிந்து நிற்பது இவ்வாறு விளைந்ததா? இல்லை. லயத்தைக் கட்டிய இடம் துரையின் தீர்மானம். வெளியே குடியேறத் தடையாக நின்றவை நிலமின்மையும் நாடின்மையும். நாணயங்களுக்கு நகரும் உரிமை இருந்தது. நம் பாட்டனாருக்கு அது இருக்கவில்லை. ஒரு மாதிரி எங்கே பொருந்தும் என்று அறிவதைப் போலவே எங்கே பொருந்தாது என்று அறிவதும் கல்வியாகும்.

இங்ஙனம் நோக்கினால், புதுக்கலைக்கு வேண்டிய முதற்குணம் ஏட்டுப்பிரதிகளை ஒப்பு நோக்குவோரின் குணமே என்பது விளங்கும். கீழைத்தேயக் கல்விமுறையிலே நாங்கள் பயின்ற காலத்தில், ஒரு பாடத்தைக் கண்டால் இதை எழுதியவர் யார், எந்த ஏட்டைப் பார்த்து எழுதினார், எதை விட்டார், எதைக் கூட்டினார் என்று கேட்கப் பழக்கினர். உ. வே. சாமிநாதையரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் பழைய நூல்களைப் பதிப்பித்தது அவ்வினாக்களைக் கொண்டே. ஓர் எண்ணைக் கண்டாலும் அவ்வினாக்களே உரியன. எண்ணுக்கும் பாடபேதம் உண்டு.

தோட்டப்புறப் பாடசாலைகளில் உயர்தரம் கற்போரும் அவர்தம் ஆசிரியரும் இதனைச் சிறிய அளவிலே தொடங்கலாம். கோயிலின் பழைய நன்கொடைப் பட்டியல், கல்லறைக் கற்கள், முதியோர் வாய்மொழியாகச் சொல்லும் தென்னாட்டு ஊர்ப்பெயர்கள், தேயிலை மலைகளுக்குத் தொழிலாளர் இட்ட பெயர்கள் ஆகியவை இன்னும் அழியாமல் உள்ளன. அவற்றைத் தமிழிலே ஒழுங்காகத் தட்டெழுதி, உறுப்புகளாகப் பிரித்து, எண்ணிப் பார்த்தால், எந்தத் தோட்டத்துக்கு எந்த மாவட்டத்து மக்கள் வந்தனர், எந்தத் தலைமுறையில் பெயரிடும் வழக்கு மாறியது என்பன தெரியவரும். பெலிகுல்ஓயாவிலே சபரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வழிகாட்டுவோரைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை.

கணக்கைத் தொடங்குமுன் ஒரு நியதியை மட்டும் உறுதியாகக் கொள்ள வேண்டும். உயிரோடிருப்பவர் பெயர் எதுவும் வெளிச்செல்லும் பட்டியலில் இருத்தலாகாது. 1983 ஆடியில் கொழும்பிலே கலகக்காரர் வாக்காளர் இடாப்புகளைக் கையிலேந்தித் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றனர் என்பது வரலாற்றிற் பதிந்த செய்தி. எண்ணுவதற்காக எழுதிய ஏடு கொல்வதற்கும் பயன்பட்டது. ஆகவே திரட்டியவுடன் பெயரை நீக்கிக் குறியீடு இடுதல், சிறு தொகைகளை வெளியிடாமை, கேட்டவரிடம் அனுமதி பெறுதல் ஆகிய மூன்றும் இக்கலையின் கடவுள் வாழ்த்தாகக் கொள்ளத்தக்கன.

ஒன்றரை நூற்றாண்டாக எம் மக்களைப் பிறர் எண்ணினர். தோட்டத்துரை கூலிக்காக எண்ணினார். அரசுகள் பங்கிடுவதற்காக எண்ணின. எம் பிள்ளைகள் தாமே எண்ணிய கணக்கு இன்னும் சிறிதே. வரும் விடுமுறையில் ஓர் ஆசிரியரும் ஐந்து மாணாக்கரும் கூடி, ஒரே ஒரு தோட்டத்தின் மலைப்பெயர்களை மட்டுமாவது முழுமையாக எழுதி முடிப்பாராயின், அடுத்த தோட்டத்தார் அதனைத் தொடர்வர்.